கரை ஏறாத முத்திரைத்தாள்

அந்தத் தாளில் மையே கிடையாது. ஒரு கிரீடம், வார்ப்பட்டை சூழ்ந்த ஒரு ரோஜா, 'அமெரிக்கா' என்ற சொல், வரித்தொகை. இவற்றை லண்டன் முத்திரை அலுவலகத்தில் அச்சை அழுத்திப் புடைப்பாகப் பதித்தார்கள். விரலால் தடவினால்தான் தெளிவாகத் தெரியும். தாள்களைக் கட்டுக்கட்டாகப் பெட்டிகளில் அடைத்து, 1765 கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அட்லாண்டிக் கடல் தாண்டி அனுப்பினார்கள். அவை போய்ச் சேர்ந்த பிரிட்டனின் பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களிலும் கிட்டத்தட்ட ஒரு தாள்கூட விலைபோகவில்லை.

பெட்டி கப்பலேறியதற்குக் காரணம் ஒரு போர். 1756 முதல் 1763 வரை பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் வென்றது. கனடாவே கைக்கு வந்தது. கூடவே கடனும் வந்தது. 1763 தொடக்கத்தில் அரசின் கடன் 12 கோடிப் பவுண்டைத் தாண்டியிருந்தது. வருவாயில் பெரும்பகுதியை வட்டியே தின்றது. இங்கிலாந்துக்குள் ஆப்பிள் மதுவுக்குப் போட்ட வரியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் நிறுத்திய சுமார் 10,000 படைவீரருக்கும் செலவு ஆண்டுக்காண்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செலவில் ஒரு பங்கை அங்குள்ளவர்களே தரட்டும் என்றார் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில். முத்திரை வரி அவருக்குப் புதிதல்ல. பிரான்சோடு நடந்த முந்தைய போர் ஒன்றுக்காக 1694-இலேயே இங்கிலாந்தில் தொடங்கிய வரி அது. லண்டன்காரன் எழுபது ஆண்டுகளாகக் கட்டுவதை பாஸ்டன்காரன் கட்டினால் என்ன என்பது அவர் கணக்கு.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. குடியேற்றங்களும் அதே போரில் ஆட்களை அனுப்பியிருந்தன, கடன் வாங்கியிருந்தன. அந்தக் கடனை அடைக்கத் தங்கள் சட்டமன்றங்கள் விதித்த வரியை மக்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரான்சு விரட்டப்பட்ட பின் படை யாரைக் காக்க நிற்கிறது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. போரில் வென்ற மேற்கு நிலத்தில் குடியேறக்கூடாதென்று 1763-இல் அரசரே அறிவித்திருந்தார். போகக்கூடாத நிலத்தின் எல்லையில் நிற்கும் படைக்குப் பணம் கேட்டார்கள். அதுவும் தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றத்தின் பெயரில்.

ஆவணங்களுக்கு இந்தத் தாளையே வாங்க வேண்டும் என்ற முத்திரைச் சட்டத்தின் விலைப்பட்டியலைப் பார்த்தால் கோபம் எங்கே மூண்டது என்பது விளங்கும். செய்தித்தாளின் அரைத்தாளுக்கு அரைப் பென்னி, சீட்டுக்கட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங், வழக்கறிஞர் உரிமத்துக்கு 10 பவுண்டு. உயில், நிலப்பத்திரம், கப்பல் அனுமதிச்சீட்டு, பஞ்சாங்கம், தாயக்கட்டை எதுவும் தப்பவில்லை. நாணயம் அரிதான நாட்டில் வரியைப் பிரிட்டிஷ் பணமாகவே கட்ட வேண்டும். மீறியவர்களை ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். தொகை சிறிதுதான், ஆண்டு முழுக்க 60,000 பவுண்டுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் அதிகம் கட்ட வேண்டியிருந்தவர்கள் அச்சகக்காரர்களும் வக்கீல்களும். ஊரில் எழுதத் தெரிந்தவனையும் பேசத் தெரிந்தவனையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்டது லண்டன்.

பெட்டி வருமுன்பே அதை விற்க நியமிக்கப்பட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் அந்த வேலைக்கு நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி ஓர் எல்ம் மரத்தில் தொங்கியது. செருப்புத் தைக்கும் எபனேசர் மெக்கின்டாஷ் தலைமையில் கூட்டம் திரண்டு அதை எரித்தது. மறுநாளே பதவி வேண்டாமென்றார் ஆலிவர். துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டை அதே மாதம் ஓர் இரவில் சூறையாடினார்கள். சட்டத்தை அவர் உள்ளூர விரும்பவில்லை என்பது கூட்டத்துக்குத் தெரியாது. அந்த இரவில் நடந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். அப்போது லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நண்பரை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்திருந்தார். அதனால் பிலடெல்பியாவில் அவர் மனைவி டெபோரா துப்பாக்கிகளைத் தருவித்து வைத்துக்கொண்டு வீட்டைக் காக்க வேண்டியதாயிற்று.

பாஸ்டனுக்கு வந்த பெட்டிகள் நேரே துறைமுகத்துத் தீவுக்கோட்டைக்குப் போயின. நியூயார்க்குக்கு அக்டோபர் பிற்பகுதியில் 'எட்வர்ட்' கப்பல் கொண்டுவந்ததை இரவோடிரவாகக் கோட்டைக்குள் வைத்தார்கள். சட்டம் அமலாகும் நவம்பர் 1 அன்று மக்கள் கோட்டைவாசலுக்கே வந்து, துணை ஆளுநர் கோல்டனின் கோச்சு வண்டியைக் கொளுத்தினார்கள். நான்கு நாள் கழித்து அவர் தாள்களை நகரசபையிடம் ஒப்படைத்தார். 1766 ஜனவரியில் வேறொரு கப்பலில் வந்த பெட்டிகளைப் பறித்து நெருப்பிலேயே போட்டுவிட்டார்கள். பதின்மூன்றில் ஜார்ஜியாவில் மட்டும் ஆளுநர் ஜேம்ஸ் ரைட் பிடிவாதமாக நின்று, காத்துக்கிடந்த கப்பல்களுக்குச் சிறிது விற்றார். ஜமைக்காவிலும் நோவா ஸ்கோஷியாவிலும் தாள் புழங்கியது. மற்ற இடங்களில் சுங்க அதிகாரிகள், முத்திரைத்தாள் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொடுத்து வெறுந்தாளிலேயே கப்பல்களை விட்டார்கள்.

என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கலவரங்கள் அல்ல. ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துவந்த குடியேற்றங்களில் ஒன்பது, அந்த அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்றுகூடின. அரசர் மீது விசுவாசம் உண்டு, வரி விதிக்கும் உரிமை எங்கள் சட்டமன்றங்களுக்கே உண்டு என்று 27 பேர் உட்கார்ந்து எழுதினார்கள். அதே ஊரில் இருநூறுக்கும் மேற்பட்ட வணிகர்கள், சட்டம் நீங்கும்வரை பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். லண்டனுக்கு உறைத்தது இதுதான். தேங்கிய சரக்கோடு இங்கிலாந்து வணிகர்களே நாடாளுமன்றத்துக்கு மனுப்போட்டார்கள்.

1766 மார்ச் 18 அன்று சட்டம் நீங்கியது. செய்தி எட்டியதும் பாஸ்டனில் வாணவேடிக்கை. ஆனால் சட்டம் நீங்கிய அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: குடியேற்றங்களுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது அது. கொண்டாட்டத்தில் அதைப் பலர் கவனிக்கவில்லை. கடனும் அப்படியே இருந்தது, படையும் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டே நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் வேறு வழியில் வந்தார். கண்ணாடி, ஈயம், சாயம், தேயிலை, இவற்றோடு தாளுக்கும் இறக்குமதி வரி. இம்முறை முத்திரை இல்லாத வெறுந்தாளுக்கே வரி. மீண்டும் சரக்கு மறுப்பு நடந்தது. 1770-இல் தாள் உட்பட மற்ற வரிகளை எடுத்துவிட்டு, உரிமையை விட்டுக்கொடுக்காததற்கு அடையாளமாகத் தேயிலை வரியை மட்டும் தக்கவைத்தார் பிரதமர் நார்த் பிரபு.