குடிமதிப்பும் ஞானஸ்நானப் பதிவேடும்

கிராம ஊழியத்தை ஏற்கும் போதகர், தம்மைச் சுற்றியுள்ள மக்கள் எத்தனை பேர், எத்தொழிலால் வாழ்கின்றனர் என்று அறிய விரும்புவது இயல்பு. இதற்கு இரண்டு ஏடுகள் துணைசெய்கின்றன. ஒன்று, அரசாங்கம் எடுக்கும் குடிமதிப்பு. மற்றொன்று, சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. இவ்விரண்டும் ஒரே மக்களை வெவ்வேறு நோக்குடன் எண்ணியவை. ஒன்றை மட்டும் வாசிப்பவர் பிழைபட்ட முடிவுக்கு வருவர் என்பதற்கு நம் சபை வரலாறே சான்று பகர்கிறது.

நாடெங்கும் எடுக்கப்பட்ட முதற் குடிமதிப்பின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் 1871-இல் மக்கள் எண்ணப்பட்டனர். பத்தாண்டுகளுக்குப் பின் 1881-இல் எண்ணியபோது மக்கள் தொகை பெருகாமல் குறைந்திருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சமே இதற்குக் காரணம். அதே காலத்தில், கால்டுவெல், சார்ஜண்ட் ஆகியோரின் மேற்பார்வையிலிருந்த திருநெல்வேலிச் சபைகளிலோ பல்லாயிரவர் புதிதாகச் சேர்ந்தனர். சபை ஏட்டை மட்டும் நோக்குபவர் அதனை எழுப்புதலின் காலம் என்பர். அரசாங்க ஏட்டை மட்டும் நோக்குபவர் சாவின் காலம் என்பர். இரண்டையும் இணைத்து வாசிப்பவருக்கே, அம்மக்கள் எத்தகைய துயரத்தினூடே சபையின் வாசலை அடைந்தனர் என்பது விளங்கும்.

1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல் மாவட்டந்தோறும் கையேடுகள் வெளியிடப்பட்டு வருகின்றன. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை ஆகிய வசதிகளும், ஆண் பெண் தொகை, எழுத்தறிவு பெற்றோர், பயிரிடுவோர், விவசாயக் கூலிகள் ஆகியோரின் தொகையும் அவற்றில் கிராமவாரியாகக் காணப்படும். குடிமதிப்புத் துறையின் இணையதளத்திலும் இவற்றைப் பெறலாம்.

ஆயினும் மூன்று காரியங்களை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, குடிமதிப்பு கூறும் கிராமம் வருவாய்க் கிராமமாகும். அதனுள் பல சிற்றூர்களும் சேரிகளும் அடங்கியிருக்கும்; அவற்றுக்குத் தனிக் கணக்கு இல்லை. இரண்டாவது, சமயவாரியான தொகை தாலுகாவுக்கும் நகரத்துக்கும் கிடைக்குமேயன்றிக் கிராமத்துக்குக் கிடைப்பதில்லை. மூன்றாவது, மாவட்ட எல்லைகள் மாறியுள்ளன. 1986-இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிப் பகுதி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் தென்காசியும் பிரிந்தது. இதை மறந்து பழைய தொகையையும் புதிய தொகையையும் ஒப்பிடுவது பொருந்தாது.

இவற்றினும் பாரதூரமானது வேறொன்று உண்டு. கிராம அட்டவணையில் பட்டியல் சாதியினரின் தொகை தனிப் பத்தியில் தரப்படுகிறது. ஆனால் இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று 1936-ஆம் ஆண்டின் ஆணையே விதித்திருந்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அவர்களைச் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 44,18,331 பேர். அவர்களுள் பட்டியல் சாதி மரபினர் எத்தனை பேர் என்பதை அக்குடிமதிப்பின் அட்டவணை எதுவும் உரைப்பதில்லை.

ஒரே தெருவில், ஒரே கூலிக்கு உழைத்து, ஒரே தீண்டாமையைச் சகித்த இரு சகோதரருள் ஒருவர் அப்பத்தியில் எண்ணப்படுகிறார். ஞானஸ்நானம் பெற்ற மற்றவர் எண்ணப்படுவதில்லை. இது வெறும் ஏட்டுக் குறை அன்று. ஊராட்சியில் ஒதுக்கப்படும் இடங்கள் அந்தத் தொகையின் விகிதத்தைக் கொண்டே வரையறுக்கப்படுகின்றன. ஆகவே அப்பத்தியில் சிறிய எண்ணைக் காணும் போதகர், அவ்வூரில் ஒடுக்கப்பட்டோர் சிலரே என்று முடிவு செய்யலாகாது.

அரசாங்க ஏடு மறைத்ததை வெளிப்படுத்தும் பொறுப்பு இங்கே சபைக்கு உண்டு. பெற்றோரின் ஊரும் தொழிலும் குறிக்கப்பட்ட பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள், குடிமதிப்பு தனியே காட்டாத சேரியை நமக்குக் காட்டவல்லன. எனினும் பதிவேட்டுக்கும் குறையுண்டு: பிழைப்புக்காக நகரம் சென்றோரின் பெயர்கள் அதில் நீக்கப்படாமலே இருக்கும், பிற சபையாரின் பெயர்கள் இராது. எனவே போதகரும் இறையியல் மாணவரும் வீடுதோறும் சென்று, இவ்விரு ஏடுகளையும் சரிபார்ப்பது நலம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனிதர் தந்த விவரங்களை இரகசியமாகக் காக்கிறது. நாம் திரட்டும் விவரங்களையும் அவ்வாறே காத்தல் வேண்டும்.

2021-இல் நடைபெறவேண்டிய குடிமதிப்பு ஒத்திவைக்கப்பட்டது. அதனை 2027-இல் நிறைவேற்றுவதாகவும், அதில் சாதியும் குறிக்கப்படும் என்றும் அரசாங்கம் 2025-இல் அறிவித்தது. சாதியைச் சபைக்குள் மறுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, அதனால் துன்புறுவோரின் கணக்கையும் மறுத்துவிடுகிறோமா என்ற வினா அப்போது நம் முன் நிற்கும்.

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனதை அந்த மேய்ப்பன் அறிந்தது எவ்வாறு? அவன் எண்ணியிருந்தான். எண்ணப்படாத ஆட்டைத் தேடிச் செல்வார் ஒருவருமில்லை.