வேகமா, வலிமையா? ஒரு பழைய வழக்கின் வரலாறு

குத்தின் வலிமை கையின் வேகத்தில் உள்ளதா, அதன் பின்னிருக்கும் உடலின் எடையில் உள்ளதா என்பது தற்காப்புக் கலைக் கூடங்களில் ஓயாத விவாதம். இதே வினா வேறொரு வடிவில் ஐரோப்பிய அறிஞர்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரு அணிகளாகப் பிரித்திருந்தது.

இயக்கத்தின் அளவு பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று 1644இல் தெகார்த் வரையறுத்தார். வேகத்தை அன்று, வேகத்தின் வர்க்கத்தையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று 1686இல் லைப்னிட்ஸ் மறுத்தார். லைடன் பல்கலைக்கழகத்தின் ஸ்கிராவெசாண்ட, 1722இல் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழச்செய்து சோதித்தார். வேகம் இருமடங்கானபோது பள்ளம் நான்கு மடங்காயிற்று. எமிலி து ஷாத்லே 1740இல் வெளியிட்ட நூலில் லைப்னிட்ஸின் பக்கம் நின்றார். 1743இல் தலம்பேர் இதனைச் சொற்களைப் பற்றிய பூசல் என்றார்.

அவர் கூற்றில் பொருளுண்டு. இரு அணியினரும் அளந்தவை இருவேறு அளவுகள்: ஒன்று உந்தம், மற்றொன்று இயக்க ஆற்றல். எதிராளியைப் பின்னுக்குத் தள்ளுவதில் உந்தமும், ஓட்டையோ எலும்பையோ உடைப்பதில் ஆற்றலும் முதன்மை பெறுகின்றன. நிறை இரட்டித்தால் இரண்டும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ உந்தம் இரட்டிக்க, ஆற்றல் நான்கு மடங்காகும்.

கராத்தே அடியை இந்த அளவுகோல்களால் ஆராய்ந்தோருள் மைக்கேல் ஃபெல்டும் ரொனால்ட் மெக்நேரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1979இல் அவர்கள் இணைந்து எழுதிய கட்டுரை, தேர்ந்த வீரரின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகம் எட்டுவதையும், 3,000 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையைச் செலுத்துவதையும் பதிவு செய்தது. மெக்நேர் கறுப்புப் பட்டை பெற்ற கராத்தே வீரர். பின்னர் விண்வெளி வீரராகி, 1986இல் சேலஞ்சர் விபத்தில் உயிரிழந்தார்.

ஆயினும் களிமண் சோதனை வேகத்திற்கு முழு வெற்றியைத் தந்துவிடவில்லை. குண்டின் நிறை மாறாதது. குத்தின் நிறையோ மாறுவது. கை மட்டும் விரைந்தால் கையின் நிறையே மோதும். இடுப்பும் காலும் உடன் இயங்கினால் உடலின் ஒரு பகுதியும் அடியில் சேரும். கை முழுதும் நீண்டு முடிகையில் வேகம் தணிந்துவிடுவதால்தான், இலக்கின் மேற்பரப்பைத் தாண்டிக் குறிவைக்குமாறு ஆசான்கள் பயிற்றுவிக்கின்றனர்.

'வலிமை' என்னும் ஒரே சொல் உந்தம், ஆற்றல், விசை மூன்றையும் பேச்சு வழக்கில் சுமக்கிறது. அவற்றைப் பிரித்தறியாத வரை கூடத்து விவாதமும் சொற்பூசலாகவே நீளும். பிரித்தறிந்த மாணவனோ எதைப் பயில வேண்டும் என்பதை அறிந்தவனாகிறான்.