ஆணி எந்தப் பக்கம்?

நாய்க்குட்டி வாங்கியாச்சு. அடுத்து, பெல்ட் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். தோலில் ஒன்று, நைலானில் ஒன்று, இழுத்தால் இறுகும் சங்கிலி, உள்பக்கம் இரும்புப் பற்கள் வைத்தது... 'பழக்குறதுக்கு எதுங்க நல்லது?' என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், 2,000 வருடம் பின்னால் போய்விட்டு வரலாமா?

கி.மு. 37. ரோமாபுரியில் வர்ரோ என்ற அறிஞர், 80 வயதில் விவசாயம் பற்றி ஒரு நூல் எழுதுகிறார். மந்தையைக் காக்கும் நாய்க்கு எப்படிப் பட்டை கட்டுவது என்றும் அதில் சொல்கிறார். கெட்டியான தோல். அதில் ஆணிகள், கூர்முனை வெளியே பார்த்தபடி! கழுத்தைக் கவ்வ வரும் ஓநாயின் வாய்தான் கிழியும். ஒருமுறை குத்துப்பட்ட ஓநாய், பட்டை கட்டாத நாய்களைக்கூட அப்புறம் நெருங்காதாம். சரி, ஆணியின் கொண்டை நாயை உறுத்துமே? உள்பக்கம் மெத்தென்ற தோலை வைத்துத் தைத்துவிடு என்கிறார் பெரியவர்!

அதே ரோம சாம்ராஜ்யத்தில் இன்னொரு நாய். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, பாம்பெய் நகரம் சாம்பலில் புதைந்தபோது, ஒரு வீட்டில் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. யாரும் அவிழ்த்துவிடவில்லை. 1874-ல் தோண்டியபோது, சாம்பலில் அதன் உடல் பதிந்திருந்த பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தார்கள். உடம்பு முறுக்கிக்கொண்டு, கால்கள் மேலே தூக்கி... கழுத்தில் பட்டை!

பட்டை காப்பாற்றவும் செய்யும், கொல்லவும் செய்யும். கட்டுகிறவர் மனசைப் பொறுத்தது.

பிற்பாடு ஆணி உள்பக்கம் திரும்பியது. 1910-ல், ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் ஒரு பயிற்சி நூல் எழுதினார். சரியாகச் செய்தால் உடனே பாராட்டு, தவறினால் உடனே வலி! அந்த வலிக்கு, முள் வைத்த பட்டை. 1960-களின் கடைசியில் அமெரிக்க வேட்டை நாய்களுக்கு ரிமோட் ஷாக் பட்டையே வந்துவிட்டது. 2010-ல் வேல்ஸ் அதைத் தடை செய்தது.

'லேசா உறுத்தும், அவ்வளவுதான் சார்' என்பார்கள். யோசியுங்கள்... உறுத்தாவிட்டால் அது வேலையே செய்யாதே!

இரண்டு விரல் நுழைகிற மாதிரி சாதாரணப் பட்டையும், சட்டைப் பையில் கொஞ்சம் பிஸ்கட்டும் போதும். கடையில் விலையைக் கேட்பதற்கு முன், பட்டையின் உள்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கிழவர் வர்ரோ அதைத்தான் செய்திருப்பார்!