650 வார்த்தையில் நீங்க யார்? காலேஜ் கட்டுரைக்குப் பின்னால் ஒரு நூறு வருடக் கதை

போன வாரம் ஒரு மெயில் வந்தது. எழுதினவங்க சென்னையில் ப்ளஸ் டூ படிக்கிறாங்க, அமெரிக்காவில் சில காலேஜுக்கு அப்ளை பண்றாங்க. பேர் மட்டும் வேண்டாம், விஷயத்தைப் பேசலாம்னு சொல்லியிருக்காங்க. 2021-ல் கொரோனாவில் அவங்க அப்பா போயிட்டார். அப்ளிகேஷனுக்கு உதவி பண்ற ஒருத்தர், “அதையே எழுதும்மா, அதைவிட ஸ்ட்ராங்கான டாபிக் உன்கிட்ட கிடையாது”ன்னு சொல்றாராம். “எனக்கு அதை எழுதப் பிடிக்கலை. ஆனா எழுதலைன்னா சீட் போயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?” இதுதான் கேள்வி.

இதுக்கு நேரா பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும். ஒரு காலேஜ் எதுக்காக ஒரு பதினேழு வயசுப் பிள்ளையைப் பார்த்து “உன்னைப் பத்தி எழுது”ன்னு சொல்லுது? நம்ம ஊர் இஞ்சினியரிங் கவுன்சிலிங்ல யாரும் அப்படிக் கேட்கிறதில்லையே. 200-க்கு கட் ஆஃப் எவ்வளவு, எந்தப் பிரிவு, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டுல சேரணும்னா நுழைவுத் தேர்வு எழுதணும், பாஸ் பண்ணினா இடம். வசதியான குடும்பத்துப் பசங்களுக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. அவங்க படிச்ச தனியார் பள்ளிகளே அந்தத் தேர்வுக்குத் தயார் பண்றதுக்காக இருந்தவை.

ஆனா கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறின யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படிச்சு, அதே தேர்வை எழுதி, நிறைய பேர் பாஸ் ஆக ஆரம்பிச்சாங்க. 1922-ல் ஹார்வர்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர். நியூயார்க்கில் இருந்த கொலம்பியாவில் ஒரு கட்டத்தில் இதைவிட அதிகமா இருந்தது.

ஹார்வர்டின் தலைவர் ஏ. லாரன்ஸ் லோவெல்லுக்கு இது பிடிக்கலை. யூத மாணவர்களுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம்னு 1922-ல் அவர் வெளிப்படையாவே பேசினார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஒரு கமிட்டி போட்டாங்க, அது 1923-ல் கோட்டா வேண்டாம்னு சொல்லிடுச்சு.

அதோட கதை முடியலை. வாசல் வழியா வர முடியாதது ஜன்னல் வழியா வந்தது. 1926-ல் முதலாண்டு வகுப்புக்கு ஆயிரம் பேர்தான்னு ஹார்வர்டு வரம்பு வச்சது. அந்த ஆயிரம் பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? மார்க் மட்டும் போதாது, ‘கேரக்டர்’ பார்க்கணும்னு சொன்னாங்க. அப்ளிகேஷன் ஃபார்ம் நீண்டுகிட்டே போச்சு. போட்டோ கேட்டாங்க. சிபாரிசுக் கடிதம் கேட்டாங்க. உங்க பேரோ உங்க அப்பா பேரோ எப்பவாவது மாத்தப்பட்டதான்னுகூட ஒரு கேள்வி இருந்தது. அது எதுக்குன்னு சொல்லத் தேவையில்லை. சில வருடங்களில் யூத மாணவர்களின் பங்கு சரிஞ்சது. எந்த ஃபார்ம்லயும் ‘கோட்டா’ங்கிற வார்த்தை இல்லை.

இதே 1920-களில் நம்ம சென்னை மாகாணத்தில் வேற ஒண்ணு நடந்துகிட்டு இருந்தது. வகுப்புவாரி அரசாணை. அரசு வேலையில் எந்தப் பிரிவினருக்கு எத்தனை இடம்னு எண் போட்டே எழுதினாங்க. அது பின்னாடி கல்லூரி சேர்க்கைக்கும் வந்தது. அதை எதிர்த்துப் போடப்பட்டதுதான் 1951-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன செண்பகம் துரைராஜன் வழக்கு. அரசாணை செல்லாதுன்னு தீர்ப்பு வர, அதைத் தொடர்ந்து அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்தது. அதைச் சரின்னு வாதாடலாம், தப்புன்னும் வாதாடலாம். ஏன்னா கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது, கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடிஞ்சது. ‘கேரக்டர்’ங்கிற வார்த்தைக்குள்ள ஒளிச்சு வச்ச கணக்கை எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறது?

சரி, அந்த நீண்ட ஃபார்ம்ல பசங்க என்ன எழுதினாங்க? ஒரு பிரபலமான உதாரணம் இருக்கு. 1935 ஏப்ரலில் ஒரு பையன் ஹார்வர்டுக்கு அப்ளை பண்றான். ஏன் இங்கே சேர விரும்புறேன்னு சில வரிதான் எழுதுறான். நல்ல படிப்பு கிடைக்கும், ரொம்ப நாளா ஆசை, எங்க அப்பா படிச்ச இடம். சுருக்கமா இவ்வளவுதான். பையன் பேர் ஜான் எஃப். கென்னடி. இடம் கிடைச்சது. இன்னிக்கு யாராவது அந்த வரிகளை ஒரு கவுன்சிலர்கிட்ட காட்டினா, “தம்பி, இதுல நீ எங்கே இருக்கே?”ன்னு கேட்டுத் திருப்பிக் கொடுத்திடுவார். கென்னடிக்கு அந்தக் கேள்வி வரலை. அப்பா பேரே போதுமா இருந்தது.

அப்புறம் காலம் மாறுது. 1960-களில் சிவில் உரிமைப் போராட்டம். யாரையெல்லாம் வெளியே நிறுத்தினாங்களோ அவங்களை உள்ளே கொண்டுவரணும்னு காலேஜ்கள் நினைக்க ஆரம்பிச்சது. வேடிக்கை என்னன்னா, அதுக்கும் அதே கருவிகள்தான் பயன்பட்டது. மார்க்கைத் தாண்டி ஆளைப் பார்க்கிற முறை. 1978-ல் பாக்கி வழக்கில் நீதிபதி பவல், இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம்னு சொன்னப்போ, முன்மாதிரியா அவர் காட்டினது ஹார்வர்டின் சேர்க்கை முறையை. ஒரு காலத்தில் கதவைச் சாத்தின சாவி, இப்போ கதவைத் திறக்குது.

இதுக்கு நடுவுல, 1975-ல் 15 தனியார் காலேஜ்கள் சேர்ந்து ‘காமன் ஆப்’னு ஒரு பொது விண்ணப்பம் கொண்டுவந்தாங்க. இன்னிக்கு அதுல ஆயிரத்துக்கும் மேல் கல்லூரிகள் இருக்கு. உச்சவரம்பு 650 வார்த்தை. ஏழு கேள்வி இருக்கும், ஒண்ணை எடுத்து எழுதணும். ‘உங்களுக்குப் பிடிச்ச டாபிக்’ங்கிற கேள்வியை 2013-ல் தூக்கிட்டு, 2017-ல் திரும்பக் கொண்டுவந்தாங்க.

கடைசித் திருப்பம் 2023 ஜூன் 29. இனத்தைக் கணக்கில் எடுக்கிற சேர்க்கை செல்லாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வழக்கில் ஒரு பக்கம் ஹார்வர்டு. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ‘பெர்சனல் ரேட்டிங்’ சராசரியாகக் குறைவா விழுந்ததுங்கிறது அந்த வழக்கின் முக்கியமான வாதம். நூறு வருஷத்துக்குப் பிறகும் சண்டை அதே ‘கேரக்டர்’ மேலதான்.

ஆனா தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தீர்ப்பில் ஒரு சின்ன வாசலை விட்டு வச்சார். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதிச்சதுன்னு ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினா, அதைக் காலேஜ் படிக்கலாம். தடை பண்ணினதை அந்தக் கட்டுரை வழியா திரும்பக் கொண்டுவரக் கூடாதுன்னும் கூடவே சொன்னார். அதுக்கப்புறம் பல காலேஜ்கள் பின்னணி, அனுபவம், கஷ்டம் பத்திப் புதுக் கேள்விகளைச் சேர்த்தது. பிள்ளைகள் மத்தியில் ஒரு பேச்சு இன்னும் சத்தமாச்சு: உன் காயத்தைக் காட்டு, இடம் கிடைக்கும்.

இப்போ அந்த மெயிலுக்கு வருவோம். அவங்க கடைசியில், பின்குறிப்பு மாதிரி, ஒரு விஷயம் எழுதியிருந்தாங்க. 2019-ல் சென்னையில் ஏரியெல்லாம் வத்தினப்போ, அவங்க ஃப்ளாட்டுக்குத் தண்ணி லாரி என்னிக்கு வந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு லிட்டர்னு அப்பா ஒரு நோட்டுல எழுதி வச்சாராம். சண்டை வந்தா காட்டறதுக்கு. அவர் போனதுக்கப்புறம் இவங்க எழுதறாங்க. இன்னிக்கு வரைக்கும். “இதெல்லாம் ஒரு டாபிக்கான்னு தெரியலை”ன்னு எழுதியிருக்காங்க.

என் பதில் இது. அந்த ஃபார்ம் பிறந்த நாளிலிருந்தே உங்ககிட்ட ஏதோ ஒண்ணைத் தோண்டி எடுக்கத்தான் பார்க்குது. அன்னிக்கு உங்க அப்பா பேர். இன்னிக்கு உங்க துக்கம். கேட்கிறதையெல்லாம் கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை. டாபிக்கை எடுத்ததும் ஒண்ணு பாருங்க: இதுல உங்களைத் தவிர வேற யாராலும் சொல்ல முடியாத பத்து விவரம் இருக்கா? இழப்புங்கிறது எல்லார் வீட்லயும் நடக்கும், படிக்கிறவர் அன்னிக்கு மட்டும் அதை இருபது தடவை படிச்சிருப்பார். அந்த நோட்டு உங்க வீட்ல மட்டும்தான் இருக்கு.

அதை எழுதும்போது அப்பா வந்தா வரட்டும். எந்தப் பக்கத்துல கையெழுத்து மாறுதுன்னு சொல்றதா வேண்டாமாங்கிறது உங்க முடிவு. அதைக் கேட்கிற உரிமை எந்தக் காலேஜுக்கும் கிடையாது.

சீட் கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்த 650 வார்த்தையைப் பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் படிக்கப்போறதும் நீங்கதான். அன்னிக்குக் கூசாம படிக்க முடியணும்.