ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்துதல்

காரின் சஸ்பென்ஷனில் உள்ள ஸ்பிரிங்குகளைக் குறுக்கியோ, அவற்றுக்குப் பதிலாகக் குட்டையானவற்றைப் பொருத்தியோ வண்டியின் உடலைத் தரைக்கு நெருக்கமாக இறக்குவதே தாழ்த்துதல் எனப்படுகிறது. அழகுக்காகவும், வளைவுகளில் வண்டி நிலையாக நிற்பதற்காகவும் இது செய்யப்படுகிறது. அன்றாடம் ஓடும் கார்கள் பெரும்பாலும் 25 முதல் 50 மில்லிமீட்டர் வரை இறக்கப்படுகின்றன. வண்டியின் உயரம், ஸ்பிரிங்கின் விறைப்பு, ஷாக் அப்சார்பரின் வேலை, சக்கரம் நிற்கும் கோணம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எனவே உயரத்தைக் குறைத்தால் மற்ற மூன்றையும் சரிபார்த்தாக வேண்டும்.

அடிப்படை இயற்பியல்

ஒரே வகை எஃகால் ஆன சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு மூன்று அளவுகளைப் பொறுத்தது. கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு அது நேர்விகிதத்தில் இருக்கும். சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும், இயங்கும் சுருள்களின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். எட்டுச் சுருள்கள் இயங்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டி எடுத்தால், எஞ்சியது ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல் விறைப்போடு இருக்கும்.

இந்தக் கூடுதல் விறைப்பு ஓரளவு தேவையானதே. வண்டி இறங்கும்போது சக்கரம் மேலெழும்ப இருந்த இடம் குறைகிறது. பழைய விறைப்பிலேயே விட்டால், சிறு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கி ரப்பர் தடுப்பில் மோதும்.

முறைகள்

மிகப் பழையதும் செலவு குறைந்ததும் ஸ்பிரிங்கை வெட்டுவது. கம்பி தன் சரிவிலேயே முடியும் வகையில் முனை அமைந்திருந்தால் மட்டுமே இது பொருந்தும். முனை தட்டையாக்கப்பட்ட ஸ்பிரிங்கையும், விட்டம் குறுகி முடியும் ஸ்பிரிங்கையும் வெட்டினால் அவை இருக்கையில் சரியாக அமரா. அளவுக்கு மேல் வெட்டினால், ஜாக்கியில் தூக்கும்போதோ சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்பிரிங் தளர்ந்து இடம் பெயரக்கூடும்.

கேஸ் சுடர் கொண்டு ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தொய்ய விடுவது ஆபத்தான வழக்கம். ஸ்பிரிங் எஃகின் வலிமை, அதைக் கடினமாக்கிப் பின் அளவான வெப்பத்தில் பதப்படுத்துவதால் வருவது. சுடர் பட்ட இடத்தில் அந்தப் பதம் கெடுகிறது. பிறகு ஸ்பிரிங் மேலும் தொய்யலாம், திடீரென முறியவும் செய்யலாம்.

இதற்கென்றே தயாரிக்கப்படும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் இவற்றினும் நம்பகமானவை. இவற்றில் பல, முதலில் இளகியும் அமுங்க அமுங்க விறைத்தும் வேலை செய்யுமாறு சுருள்களுக்கிடையே மாறுபட்ட இடைவெளியோடு வருகின்றன. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இணைந்த காயில்ஓவர் வகையில், திருகு வளையத்தைச் சுழற்றி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில், ஸ்பிரிங்குக்கும் அதன் மேலுள்ள அச்சுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து இறக்குவது வழக்கம்.

விளைவுகள்

ஈர்ப்பு மையம் தாழ்வதால், வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் எடை குறைகிறது. இந்தப் பலன் பலர் நினைப்பதைவிடச் சிறியது. ஈர்ப்பு மையம் 550 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள காரை 25 மில்லிமீட்டர் இறக்கினால், அந்த எடைமாற்றம் சுமார் 4.5 சதவீதமே குறையும். திருப்பும்போது உணரப்படும் துடிப்பில் பெரும்பங்கு ஸ்பிரிங்கின் விறைப்பால் வருவது.

பல கார்களின் முன்பக்கம் உள்ள மேக்ஃபர்சன் அமைப்பில் மற்றொரு சிக்கல் உண்டு. வண்டி மிகவும் இறங்கினால், சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்கிறது. அப்போது உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகத் தாழ்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், உடலைச் சாய்க்கும் விசைக்கு வலு ஏறுகிறது.

சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்து டயரின் உள்விளிம்பு விரைவில் தேயலாம். நீண்ட வீச்சுக்கென அமைந்த பழைய ஷாக் அப்சார்பர் சீக்கிரம் களைத்துவிடும். வீல் அலைன்மென்டையும் முகப்பு விளக்கின் கோணத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

வரலாறும் சட்டமும்

தாழ்த்தப்பட்ட காரைப் பண்பாட்டு அடையாளமாக உயர்த்தியவர்கள் தெற்குக் கலிபோர்னியாவின் மெக்சிக்க அமெரிக்கர்கள். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அவர்கள் டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் ஸ்பிரிங்கை வெட்டியும் பழைய செவர்லே கார்களை இறக்கினர். மெதுவாகச் செல்லும் இந்த லோரைடர் கார்களுக்கு லாஸ் ஏஞ்சலிஸின் விட்டியர் சாலை பெயர்பெற்ற இடமாயிற்று. சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் வேறெந்தப் பாகமும் வரலாகாது என்று 1950களின் இறுதியில் கலிபோர்னியா மாநிலம் தடை விதித்தது. இதைச் சமாளிக்க, கார்களை மாற்றியமைப்பவரான ரான் அகிரே 1959இல் தம் கார்வெட் காரில் விமான உதிரிப்பாகங்களைக் கொண்டு ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்தினார். ஒரு விசையைத் தட்டினால் வண்டி சட்டம் கேட்ட உயரத்துக்கு எழும்பியது. 2023இல் நிறைவேறிய ஏபி 436 சட்டம் அந்தத் தடையை நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஜெர்மனி ஸ்பிரிங்குகளைத் தடுக்காமல் சோதிக்கிறது. தொழிற்சாலைச் சான்றுள்ள தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பொருத்தியபின், அங்கீகாரம் பெற்ற ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். உயிர் காக்கும் ஒரு பாகத்தை நடத்த வேண்டிய முறை இதுவே. தாழ்த்த விரும்புகிறவர்கள் தம் வண்டிக்கென வடிவமைத்த ஸ்பிரிங்கையும், அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் வாங்க வேண்டும்; தம் ஊரின் சட்டத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்; சுடரால் ஸ்பிரிங்கைச் சூடாக்கும் வேலைக்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது.