நஞ்சுக்கொடி

கர்ப்பாசயத்தின் சுவரோடு ஒட்டி வளர்ந்து, சிசுவுக்குப் பிராணவாயுவும் போஷணையும் அளித்து, பிரசவமானதும் தானும் விழுந்துவிடுகிற உறுப்பே நஞ்சுக்கொடி. உயிரை வளர்ப்பதற்கு நஞ்சு என்று பெயரா என வருந்த வேண்டியதில்லை. அது முழுதும் விழாமல் உள்ளே தங்கினால் உதிரப்பெருக்காலும் சீழாலும் தாயின் பிராணனுக்கே ஆபத்து நேருமாதலால், இப்பெயரை மருத்துவச்சிகளின் எச்சரிக்கை என்றே நான் கொள்கிறேன்.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில், பசு ஈன்றதும் விழும் கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்துக் கிளையில் கட்டுவார்கள். பாலுள்ள மரத்தில் தொங்கினால் மடியும் சுரக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1559-இல் இத்தாலிய சரீர சாஸ்திரி ரியால்டோ கொலம்போ நஞ்சுக்கொடிக்குத் தட்டைப் பணியாரம் என்று பொருள்படும் ‘பிளாசென்டா’ என்ற பெயரைச் சூட்டினார். இலங்கைத் தமிழர் சூல்வித்தகம் என்பர்.

இக்கொடி தாயின் ரத்தத்தில் தன் புரதங்களைக் கலக்கிறது. அவற்றுள் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் பத்தாம் வாரத்தையொட்டி உச்சமடைந்து தணியும். லாக்டோஜனோ கொடி பருக்கப் பருக்க நிறைமாதம்வரை ஏறி, பிரசவத்துக்குப் பின் சில மணி நேரத்தில் மறையும். 1974-இல் விவரிக்கப்பட்ட பாப்-ஏ என்னும் புரதம், 11 முதல் 13 வாரங்களில், சிசுவுக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் ‘டபுள் மார்க்கர்’ பரிசோதனையில் எச்.சி.ஜி.யுடன் சேர்த்து அளக்கப்படுகிறது. சுகமான கர்ப்பத்திலும் இவ்வளவுகள் வாரந்தோறும் மாறுவதால், வாரக்கணக்கு பிசகினால் முடிவும் பிசகும். ஆகையால் பரிசோதனைக்குச் செல்லும் பெண்கள் கடைசி மாதவிலக்கின் முதல் தேதியைச் சரியாகச் சொல்லி, முதல் ஸ்கேன் சீட்டையும் தவறாமல் கொண்டுசெல்ல வேண்டும்.