கிழிப்பதற்காக அச்சிட்ட படங்கள்

சீனத்து நாட்டார் கைவினைகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் என்னை உறுத்தும். 'நியன்ஹுவா' என்கிற புத்தாண்டுப் படங்களை இன்று பாதுகாக்கவேண்டும் என்று பேசுகிறோம். ஆனால் அவை பாதுகாத்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல.

சந்திர நாட்காட்டிப்படி புது வருசம் பிறக்கும் முன் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, போன வருசப் படத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசை ஒட்டுவார்கள். இரட்டைக் கதவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காவல் தெய்வங்கள். இருவரும் தாங் பேரரசர் தாய்சோங்கின் தளபதிகள்: சின் ஷூபாவ், யூச்சி கோங். பேய்பயத்தால் அரசருக்குத் தூக்கம் போனபோது வாசலில் காவல் நின்றார்களாம்; அப்புறம் அவர்களுடைய படமே போதும் என்றானதாம். அடுப்படியில் இருப்பவர் அடுப்புத் தெய்வம். வடசீனாவில், பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள், அவர் வாயில் பிசுபிசுக்கும் மிட்டாயைத் தடவிப் படத்தைக் கொளுத்திவிடுவார்கள். மேலோகத்தில் போய் வீட்டைப் பற்றி நல்லபடியாகச் சொல்லணும் இல்லையா!

இன்னொரு படத்தில் கொழுகொழு குழந்தை கெண்டை மீனை அணைத்திருக்கும், பக்கத்தில் தாமரை. சீன மொழியில் 'லியன்' என்றால் தாமரை. 'தொடர்ந்து' என்பதற்கும் அதே ஒலி. 'யு' என்றால் மீன். 'மிச்சம்' என்பதற்கும் அதே ஒலி. வருசா வருசம் வீட்டில் ஏதாவது மிஞ்சட்டும் என்கிற வேண்டுதல் அது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் புரிகிற சிலேடை.

தியான்ஜின் பக்கத்தில் பெருங்கால்வாய்க் கரையில் இருக்கும் யாங்லியூச்சிங் இந்தப் படங்களுக்குப் பேர்போன ஊர். தெற்கிலிருந்து காகிதமும் சாயமும் படகில் வந்தன. மெல்லிய தாளில் வரைந்த கோட்டோவியத்தைப் பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவார்கள். கறுப்புக் கோட்டுக்கு ஒரு பலகை, அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. கடைசியில் முகத்தையும் கன்னத்துச் சிவப்பையும் தூரிகையால் கையாலேயே தீட்டுவார்கள். பாதி அச்சு, பாதி ஓவியம்.

கிழிபடும் தாள் என்றால் பழைய படங்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? பெரும்பாலும் அவற்றை ஒட்டாதவர்கள் தயவில்தான். 1907இல் பிரெஞ்சு அறிஞர் எதுவார் ஷவானோடு வடசீனாவைச் சுற்றிய ரஷ்ய இளைஞர் வசீலி அலெக்ஸேயெவ், ஊர் ஊராகப் படங்களை வாங்கிச் சேர்த்தார். அவர் திரட்டிய ஆயிரக்கணக்கான தாள்கள் இன்று பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒட்டுவதற்கு அவருக்கு அங்கே கதவு இல்லை. அதனால் தாள் பிழைத்தது.

சீனாவுக்குள் நடந்தது வேறு. ஷாங்காயின் கல்லச்சு இயந்திரம் மலிவாகப் படம் போட்டுத் தள்ளியதில் மரப்பலகைக்காரர்கள் தடுமாறினார்கள். பிறகு போர். 1949 நவம்பரில், மக்கள் குடியரசு பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், பண்பாட்டு அமைச்சகம் 'புதிய நியன்ஹுவா' வரையச் சொல்லி அறிக்கை விட்டது. தெய்வங்கள் இருந்த இடத்துக்குத் தொழிலாளியும் விவசாயியும் வந்தார்கள். சுவரில் படம் ஒட்டும் பழக்கத்தின் பலம் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1966இல் 'பழைய நான்கு' ஒழியணும் என்று கிளம்பியவர்கள் பலகைகளையே அடுப்பில் போட்டார்கள். தாள் எரிந்தால் அடுத்த வருசம் வேறு தாள் வரும். பலகை எரிந்தால் வராது. இந்த வித்தியாசம்தான் இந்த வரலாற்றின் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன்.

தியான்ஜின்காரரான எழுத்தாளர் ஃபெங் ஜிசாய் 2003இல் நாடு தழுவிய நாட்டார் பண்பாட்டு மீட்புப் பணியைத் தொடங்கினார். அதே வருசம் ஹெபெய் மாகாணத்து ஊச்சியாங்கில், ஒரு பழைய வீட்டுக் கூரைக்குள் ஒளித்து வைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் வெளியே எடுக்கப்பட்டன. எரிப்பவர்கள் இருந்த ஊரில் ஒளிப்பவர்களும் இருந்திருக்கிறார்கள்! அவர் பொறுப்பில் வந்த நியன்ஹுவா தொகுப்பு 22 தொகுதிகள். அதில் ஒன்று முழுக்க ரஷ்யாவில் இருக்கும் படங்களுக்கு. 2006இல் வந்த முதல் தேசிய மரபுப் பட்டியலில் யாங்லியூச்சிங்கும் ஊச்சியாங்கும் இடம்பெற்றன. ஆனாலும் 2011இல் யாங்லியூச்சிங்குக்குத் தெற்கே ஓவியக் கிராமங்கள் நகர விரிவாக்கத்தில் இடிபடப்போகின்றன என்றதும், ஃபெங்கின் குழு அவசரமாகப் போய் அங்கே எஞ்சியிருந்ததைப் பதிவு செய்யவேண்டி வந்தது.

பலகையைக் காப்பாற்றிவிடலாம். செதுக்கும் கைக்கு உதவித்தொகை கொடுக்கலாம், பட்டம் கொடுக்கலாம். இதெல்லாம் வேண்டியதுதான், இவை இல்லாமல் எதுவுமே மிஞ்சாது. மூன்றாவது ஒன்று இருக்கிறது: போன வருசத்ததைக் கிழித்துவிட்டுப் புதுசு வாங்க வருகிற ஆள். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அடுக்குமாடி வீட்டின் ஒற்றை இரும்புக் கதவில் இரண்டு தளபதிகளையும் எங்கே நிறுத்துவது? இன்று சட்டகம் போட்டு விற்கும் நியன்ஹுவா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டகம் போட்டதை யாரும் கிழிப்பதில்லை. வாங்கியவர் அடுத்த வருசம் கடைக்குத் திரும்பி வரவேண்டிய அவசியமும் இல்லை.